விதைக்கு எடுப்பது போல வீட்டுக்கும் எடுத்து வையுங்கள்: குறைந்த செலவில் சத்தான இரவுச் சாப்பாடு

களத்தில் துவரை அடித்து மூட்டை கட்டியாகிறது. உளுந்தும் கடலையும் மண்டிக்குப் போகின்றன. கறந்த பால் சங்கத்துக்கும், கோழி இட்ட முட்டை கடைக்கும் போகின்றன. அன்று இரவு அதே வீட்டில் சோறு, புளி ரசம், ஊறுகாய்தான் சாப்பாடு. இரண்டு மாதம் கழித்து, அதே வீட்டார் மளிகைக் கடையில் கால் கிலோ பருப்பு வாங்கி வருகிறார்கள். பயிருக்கு அடியுரம் எவ்வளவு, மேலுரம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து இடுகிற குடியானவர் வீட்டில், சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்குப் பார்க்கப்படுவதில்லை.

இதன் விளைவு வெளியே எளிதில் தெரிவதில்லை. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இருந்தது. களை எடுக்கும்போது மூச்சு வாங்குவதை வெயிலின் குற்றம் என்றும், பிள்ளை பாடத்தில் மந்தமாக இருப்பதைச் சோம்பல் என்றும் எண்ணிவிடுகிறார்கள். பல வீடுகளில் குற்றம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

சத்தான சாப்பாடு என்றால் ஆப்பிளும் டின் மாவும் வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேவையில்லை. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு வேண்டிய சத்தில் பெரும் பகுதி வயலிலும் புறக்கடையிலும் விளைகிறது. அதை முழுவதும் விற்றுவிடாமல் ஒரு பங்கை வீட்டில் நிறுத்துவதுதான் முதல் வேலை.

இரவுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. காலையில் பழையதோ கூழோ குடித்துவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் போகிறார்கள். பிள்ளைகளுக்கு மதியம் பள்ளியில் சாப்பாடு. வீட்டார் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து, அடுப்பிலிருந்து இறக்கியதைச் சூடாக உண்பது இரவில்தான். அந்த ஒரு வேளையைச் சீர் செய்தால் ஐந்து பேருக்கும் ஒரே சமயத்தில் பயன் கிடைக்கும்.

சோறு மட்டும் ஏன் போதாது?

அரிசி வயிற்றை நிரப்பும். உழைக்கத் தெம்பு கொடுக்கும். ஆனால் தீட்டிய அரிசியில் புரதச் சத்து நூற்றுக்கு 7 பங்கு அளவில்தான் உள்ளது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் மிகக் குறைவு. பயறு, பருப்பு வகைகளில் புரதம் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை உள்ளது.

அளவு மட்டுமல்ல, தரமும் மாறுகிறது. பயிருக்குத் தழைச் சத்தை மட்டும் கொட்டி, மணிச் சத்தும் சாம்பல் சத்தும் இடாமல் விட்டால் விளைச்சல் தேறாது. உடம்பிலும் அப்படித்தான். புரதம் பலவகை அமினோ அமிலங்களால் ஆனது. லைசின் என்ற அமினோ அமிலம் அரிசியில் குறைவு, பயறில் அதிகம். மெத்தியோனின் என்பது பயறில் குறைவு, தானியத்தில் போதிய அளவு உள்ளது. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். பருப்புச் சோறு, அடை, பொங்கல், இட்லி எல்லாம் இந்தக் கூட்டில் அமைந்தவையே.

இதை ஆராய்ந்த இடமும் தமிழ்நாட்டில்தான் இருந்தது. 1920-களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பருப்பு, பால், கீரை, காய்கறி தின்ற எலிகள் நன்கு வளர்ந்தன. பெரும்பாலும் தீட்டிய அரிசியையே தின்ற எலிகள் இளைத்து, நோய்க்கு எளிதில் ஆளாயின. அவர் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

மூன்றுக்கு ஒன்று

இரவுச் சமையலுக்கு நினைவில் வைக்க எளிய விதி ஒன்று உண்டு. தானியம் மூன்று பங்கு என்றால் பயறு அல்லது பருப்பு ஒரு பங்கு இருக்க வேண்டும். கீரை அல்லது காய் ஆளுக்கு ஒரு கை நிறைய வேண்டும். அதனுடன் சிறிது எண்ணெய் அல்லது நிலக்கடலை, கடைசியாக எலுமிச்சை, நெல்லி, மாங்காய், தக்காளி போன்ற புளிப்பு ஒன்று.

எண்ணெய் வேண்டியதற்குக் காரணம், கீரையில் உள்ள வைட்டமின் 'ஏ' தரும் பொருள் கொழுப்புடன் சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும். புளிப்பு வேண்டியதற்குக் காரணம், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் 'சி' உதவுகிறது. இந்த வைட்டமின் சூட்டில் அழியும். ஆகவே எலுமிச்சம் பழத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும்.

பழைய சாப்பாடும் புதிய சாப்பாடும்

கணவன், மனைவி, வீட்டுப் பெரியவர் ஒருவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரவுக்கு 700 கிராம் அரிசி வடித்து, ரசமும் ஊறுகாயும் வைத்தால் மொத்தம் கிடைக்கும் புரதம் 49 கிராம். தலைக்கு 10 கிராம் தேறுவது அரிது.

அதே வீட்டில் அரிசியை 500 கிராமாகக் குறைத்து, பாசிப்பருப்பு 150 கிராம், உருவிய முருங்கைக் கீரை 150 கிராம், வறுத்துப் பொடித்த நிலக்கடலை 50 கிராம் சேர்த்தால் கணக்கு மாறும். அரிசியில் 35, பருப்பில் 35, கடலையில் 12, கீரையில் 10 என்று ஏறத்தாழ 92 கிராம் புரதம் கிடைக்கும். தலைக்கு 18 கிராம் ஆகிறது. வயிற்றுக்கும் குறைவில்லை. இரண்டு சாப்பாட்டிலும் மொத்த எரிசக்தி ஏறத்தாழ ஒன்றே.

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் சுமார் 46 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு வேளையிலேயே வந்துவிடுகிறது. குறைந்த 200 கிராம் அரிசியின் செலவு பருப்புச் செலவில் ஒரு பகுதியை ஈடு செய்யும். பருப்பும் கடலையும் சொந்த வயலில் விளைந்தவையானால் கையிலிருந்து போகும் பணம் மிகச் சொற்பம்.

வருடத்துக்கு எவ்வளவு எடுத்து வைப்பது?

இரவுச் சாப்பாட்டுக்கு ஐந்து பேருக்கு வாரம் ஒரு கிலோ பயறு, பருப்பு போதும். வருடத்துக்கு 52 கிலோ. விருந்தாளி, விசேஷம் எல்லாம் சேர்த்து 60 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மானாவாரியில் உளுந்து, பாசிப்பயறு வகைகள் ஏக்கருக்கு 200 முதல் 300 கிலோ வரை விளைகின்றன. அப்படியானால் 25 சென்ட் நிலத்து விளைச்சல் இந்தக் குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டுக்கு ஓர் ஆண்டு முழுவதும் வரும். தனியாக நிலம் ஒதுக்க இயலாதவர்கள் வரப்பில் துவரையும், சோளம், கடலைக்கு ஊடே தட்டைப்பயறும் போடலாம்.

துவரையைத் திருகையில் உடைத்தால் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 70 கிலோ பருப்புத்தான் தேறும். ஆகவே 20 கிலோ துவரம் பருப்பு வேண்டும் என்றால் 30 கிலோ துவரை எடுத்து வைக்க வேண்டும். கொள்ளு, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றை முழுதாகவே சமைக்கலாம். உடைக்கும் செலவும் சேதமும் இல்லை. நிலக்கடலை 12 கிலோ காய் இருந்தால் உடைத்த பருப்பு 8 கிலோ கிடைக்கும். வாரம் மூன்று நாள் 50 கிராம் வீதம் ஆண்டு முழுவதும் வரும்.

அறுவடை நேரத்தில் கடன் கொடுத்தவர் களத்துக்கே வந்து நிற்பதும், எடுத்து வைக்க மனமிருந்தும் இயலாமல் போவதும் உண்மை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அறுவடையின்போது விலை இறங்கியிருக்கிறது. அப்போது விற்ற பயறையே பின்னர் பருப்பாக வாங்கும்போது தரகு, வண்டிக் கூலி, ஆலைக் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாவற்றையும் அந்தக் குடும்பமே கட்டுகிறது. எடுத்து வைத்த 60 கிலோவுக்கு இந்தச் செலவு கிடையாது. அதுவும் வருமானமே.

நிலமில்லாதவர்களும் இதைச் செய்யலாம். வருடத் தேவையில் பாதியையாவது அறுவடைக் காலத்தில் களத்திலேயே வாங்கிக் காய வைத்தால் மலிவாக முடியும். ரேஷன் கடையில் மானிய விலையில் கிடைக்கும் துவரம் பருப்பைத் தவறாமல் வாங்க வேண்டும். ஒரு கிலோ பருப்பு ஆறு இரவுக்கு வரும்.

வண்டு வராமல் காக்க

வீட்டில் பயறு நிற்காமல் போவதற்குப் பயறு வண்டும் ஒரு காரணம். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வைத்து, கடித்தால் 'கடக்' என்று உடையும் பதத்தில், ஆறிய பிறகு சேமிக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். வண்டு முழுப் பயறைத்தான் அதிகம் தாக்கும். உடைத்த பருப்பில் சேதம் குறைவு. துவரையை உடைத்தே வைப்பது நல்லது. முழுப் பயறில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி லிட்டர் சமையல் எண்ணெயைப் பிசறி வைத்தால் வண்டு முட்டையிடுவது குறையும். சாப்பாட்டுக்கு வைக்கும் பயறில் எந்தப் பூச்சி மருந்துத் தூளையும் கலக்கக் கூடாது. விதைக்கு மருந்து கலந்து வைத்ததைத் தனிப் பாத்திரத்தில் அடையாளமிட்டு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

புறக்கடையில் ஒரு சென்ட்

கீரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. குளிக்கும் தண்ணீர் பாயும் இடத்தில் ஒரு சென்ட் நிலம் போதும். நான்கு சிறு பாத்திகள் கட்டி, வாரத்துக்கு ஒரு பாத்தியாகச் சிறுகீரை அல்லது முளைக்கீரை விதைத்தால், 25 நாளில் முதல் பாத்தி பறிப்புக்கு வரும். அது காலியாகி மறு விதைப்பு நடக்கும்போது அடுத்த பாத்தி தயாராகும். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, வேலியோரம் நான்கு அகத்தி, கூரை மேல் ஏற ஒரு அவரையோ பூசணியோ இருந்தால் கோடையிலும் பச்சை குறையாது.

ஆறு நாட்டுக் கோழிகள் வளர்க்கும் வீட்டில், கோழிக்கு வருடம் 60 முட்டை என்று குறைவாகக் கணக்கிட்டாலும் 360 முட்டை கிடைக்கும். வாரம் ஒரு நாள் ஐவருக்கும் ஆளுக்கு ஒரு முட்டை கொடுத்தால் 260 செலவாகும். மீதி நூறு பிள்ளைகளுக்கு. சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர்கள் அரை லிட்டரை நிறுத்தி உறை ஊற்றினால் இரவுக்கு மோர் ஆயிற்று. கீரையிலும் பயறிலும் இல்லாத வைட்டமின் 'பி 12' பாலிலும் முட்டையிலும் மீனிலும் உள்ளது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஏழு இரவுக்கு ஏழு சமையல்

கீழே உள்ள அளவுகள் ஐந்து பேருக்கு உரியவை.

திங்கள்: சோறு, முருங்கைக் கீரையும் பாசிப்பருப்பும் சேர்த்த கூட்டு. அளவு மேலே கூறப்பட்டது. வறுத்த கடலைப் பொடியை இறக்கும்போது தூவ வேண்டும்.

செவ்வாய்: கேழ்வரகுக் களி, கொள்ளுக் கடைசல். கேழ்வரகு மாவு 400 கிராம், நொய் 100 கிராம், கொள்ளு 150 கிராம். கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. இந்தக் களியில் தலைக்கு 280 மில்லி கிராம் கிடைக்கும். அதே எடை அரிசியில் தலைக்கு 10 மில்லி கிராம்கூடக் கிடைக்காது. களி பிடிக்காத பிள்ளைகளுக்கு அதே மாவில் வெங்காயமும் கீரையும் சேர்த்து ரொட்டி தட்டிக் கொடுக்கலாம்.

புதன்: சோறு 500 கிராம், தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு, மோர். பயறு 175 கிராம், கத்தரிக்காய் 300 கிராம். குழம்பு நீர்த்துப் போகாமல் பயறு கரண்டியில் வருமாறு இருக்க வேண்டும்.

வியாழன்: அடை. புழுங்கல் அரிசி 350 கிராம். துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, தோலுடன் உளுந்து மூன்றும் சேர்த்து 200 கிராம். காலையில் வேலைக்குப் போகும்போது ஊற வைத்துவிட்டால் மாலையில் அரைத்து உடனே வார்க்கலாம். புளிக்க வைக்க வேண்டியதில்லை. உருவிய முருங்கைக் கீரையை மாவிலேயே கலந்தால் தனியாகக் கறி வேண்டாம்.

வெள்ளி: அரிசியும் பருப்பும் சாதம். கொங்கு நாட்டு வீடுகளில் வேலை மிகுந்த நாள்களில் செய்வது. அரிசி 450 கிராம், துவரம் பருப்பு 150 கிராம், சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, சீரகம் எல்லாம் ஒரே பாத்திரத்தில். அறுவடை, நடவு நாள்களில் உடம்பு ஓய்ந்து வீடு திரும்பும் பெண்களுக்கு இது பேருதவி. அவரைக்காய் அல்லது பூசணிக்காய்ப் பொரியல் ஒன்று சேர்ந்தால் சாப்பாடு நிறைவு பெறும்.

சனி: கம்பஞ்சோறு, பச்சைப்பயறு கடைசல், மோர். கம்பு 450 கிராம், பச்சைப்பயறு 150 கிராம். கம்பில் புரதமும் இரும்புச் சத்தும் தீட்டிய அரிசியை விட அதிகம்.

ஞாயிறு: சோறு 500 கிராம், முட்டைக் குழம்பு, கீரைப் பொரியல். கடலோர மாவட்டங்களில் மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும் நாளில் முட்டைக்குப் பதில் மீன் சேர்க்கலாம். நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது.

கடையில் ஐந்து பேருக்குப் பரோட்டா வாங்கும் பணத்தில் பெரும்பாலான ஊர்களில் ஒரு கிலோ பயறு வாங்கிவிடலாம். ஒரு நாள் பொட்டலத்தின் செலவில் ஒரு வாரத்துப் பயறு வந்துவிடுகிறது.

சத்தைக் கொட்டிவிடாத சமையல்

விளைவிப்பதில் காட்டும் கவனம் அடுப்படியிலும் வேண்டும். அரிசியைப் பல முறை பிசைந்து கழுவினால் 'பி' வைட்டமின்கள் தண்ணீரோடு போய்விடும். இரண்டு முறை அலசினால் போதும். கஞ்சியை வடித்துக் கொட்டாமல், அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குவது சிறந்தது. வடித்தே தீர வேண்டும் என்றால் அந்தக் கஞ்சியை ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிட வேண்டும்.

ரேஷன் அரிசியில் சில மணிகள் சற்று வேறு நிறமாகவும் தண்ணீரில் மிதப்பவையாகவும் இருப்பதைப் பார்த்து, பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை செறிவூட்டிய அரிசி மணிகள். அரிசி மாவுடன் இரும்புச் சத்து, போலிக் அமிலம், வைட்டமின் 'பி 12' ஆகியவற்றைச் சேர்த்து மணியாகப் பிழிந்து, 100 பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வீதம் கலக்கிறார்கள். அவற்றை எறிவது மருந்தை எறிவது போலாகும்.

கொள்ளு, தட்டைப்பயறு போன்றவற்றை எட்டு மணி நேரம் ஊற வைத்து வேக வைத்தால் விறகும் எரிவாயுவும் மிச்சம். வயிற்றுப் பொருமலும் குறையும். பயறு நன்றாக வெந்த பிறகே புளி சேர்க்க வேண்டும். முன்னரே புளி விட்டால் பயறு வேகாது. பூண்டு, இஞ்சி, சீரகம், பெருங்காயம் சேர்ப்பது செரிமானத்துக்கு நல்லது. ஊறிய பச்சைப்பயறை ஈரத் துணியில் கட்டி ஒரு நாள் வைத்து முளை வந்த பிறகு சமைத்தால் வைட்டமின் 'சி' கூடும்.

கீரையைக் கழுவிய பிறகே நறுக்க வேண்டும். நறுக்கிக் கழுவினால் சத்து கரைந்து போகும். குறைந்த தண்ணீரில், சோடா உப்புப் போடாமல், சிறிது நேரமே வேக விட வேண்டும். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுதான். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு இவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும்.

இரவில் கீரை ஆகுமா?

இரவில் கீரை ஆகாது என்று பல வீடுகளில் சொல்வதுண்டு. விளக்கு வெளிச்சம் போதாத நாளில் கீரையில் ஒட்டிய புழு, பூச்சி கண்ணுக்குத் தெரியாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. கீரையைப் பொழுதிருக்கவே ஆய்ந்து கழுவி, நன்கு வேக வைத்து, ஏழு எட்டு மணிக்குள் சாப்பிட்டால் உடல் நலத்தோடு இருப்பவர்களுக்குக் கெடுதல் இல்லை. வயதானவர்களுக்குச் செரிக்கத் தாமதமானால் அவர்களுக்குக் கொஞ்சமாக, கடைந்து கொடுக்கலாம். பெரியவர்கள் சம்மதிக்காத வீட்டில் சண்டை வேண்டாம். கீரையைக் காலைச் சமையலுக்கு மாற்றி, இரவுக்குக் காயைச் சேர்த்துக்கொள்ளலாம். கீரை எந்த வேளை என்பதை விட, நாள்தோறும் உண்டா என்பதே முக்கியம்.

கடைசியில் சாப்பிடுகிறவர்

சமையல் எவ்வளவு சீராக இருந்தாலும் பரிமாறுவதில் தவறினால் பலன் இல்லை. பல வீடுகளில் ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகே பெண்கள் உட்காருகிறார்கள். அப்போது சோறு இருக்கும்; பயறும் கீரையும் தீர்ந்திருக்கும். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி, ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய இரும்புச் சத்து 19 மில்லி கிராம். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு 29 மில்லி கிராம். அதிகம் தேவைப்படுகிறவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது நல்லது. அது முடியாத வீட்டில், அடுப்பிலிருந்து இறக்கியவுடன் சமைத்தவருக்கும் வயது வந்த பெண் பிள்ளைகளுக்கும் உரிய கூட்டையும் குழம்பையும் தனியே எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

சாப்பிட்டவுடன் தேநீர், காப்பி குடிக்கும் பழக்கத்தை விட வேண்டும். அவை உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் ஏறுவதைத் தடுக்கும். குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும்.

மருத்துவமனையில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால், கீரை சாப்பிடுகிறோம் என்று அதை நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே வந்துவிட்ட இரத்த சோகைக்கு மாத்திரையும் வேண்டும், சாப்பாடும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது மிக முக்கியம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனிச் சமையல் தேவையில்லை. அதே பாத்திரத்திலிருந்து சோற்றைக் குறைத்து, பயறையும் காயையும் கூட்டிப் பரிமாறினால் போதும். கேழ்வரகும் கம்பும் ஆனாலும் அளவு மீறக் கூடாது. கூழாகவும் கஞ்சியாகவும் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பயறின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்தக் குடியானவரும் எவ்வளவு கடன் இருந்தாலும் விதைக்கு வைத்ததை விற்க மாட்டார். அதை விற்றால் அடுத்த போகம் இல்லை என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வேண்டிய பயறும் அதே வகையைச் சேர்ந்ததுதான். அடுத்த போகத்தில் நாற்று நட வேண்டிய கைகளும், பத்து ஆண்டுக்குப் பின் அந்த நிலத்தைப் பார்க்க வேண்டிய பிள்ளைகளும் அதில்தான் வளர்கிறார்கள். இந்த அறுவடையில் தராசு களத்துக்கு வருமுன், விதைக்கு ஒரு மூட்டை ஒதுக்கும்போது, வீட்டுக்கும் ஒரு மூட்டையை ஒதுக்கிவிட வேண்டும்.